என்னைத் திட்டினால்தான் பால் விடும் எருமை

அம்மாவின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, தெருவே சொம்போடு நின்று வேடிக்கை பார்க்க, ஓர் எருமையின் பின்னங்கால் பக்கத்தில் நீங்கள் எப்போதாவது குந்தியிருக்கிறீர்களா?

நான் குந்தியிருக்கிறேன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். காலேஜில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சிரித்தார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும். ஆரணியில் போளூர் ரோடு பக்கம் எங்கள் வீடு. நான் டிகிரி இரண்டாம் வருஷம். வீட்டில் அப்பா, அம்மா, நான், பின்னால் கொஞ்சம் நிலம், கொட்டகையில் ஓர் எருமை. ஊரே பட்டு நெய்கிற ஊர், எங்கள் தெருவிலும் முக்கால்வாசி வீட்டில் தறிதான். தறியில் உட்காருவதற்கு முன்னால் அவர்களுக்கு டீ வேண்டும். டீக்குப் பால் வேண்டும். அதனால் விடிவதற்குள் தெருவில் பாதிப் பேர் எங்கள் கொட்டகை வாசலில் நிற்பார்கள்.

பால்காரன் வீட்டுப் பையன் பாலிலேயே குளிப்பான் என்று ஸ்கூலில் பசங்க நினைத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணாங்கட்டி. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் பால் என்பது வாசல் வழியாக வெளியே போகிற பொருள். காலைப் பால் தெருவுக்கும் எதிரே இருக்கிற டீக்கடைக்கும். சாயங்காலப் பால் சொசைட்டிக்கு. எல்லாருக்கும் ஊற்றியது போக மிச்சம் இருந்தால் அதை உறை குத்தி, வாரக் கடைசியில் அம்மா கடைவாள். வெண்ணெய் உருக்கி நெய்யாகும், அந்த நெய்யும் ஏதாவது ஒரு ஜவுளிக்காரர் வீட்டுக்குப் போய்விடும். எங்களுக்கு மோர். அப்புறம் நெய் காய்ச்சிய சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கசடு. அதில் சுடுசோற்றைப் போட்டுப் புரட்டி, கொஞ்சம் வெல்லம் சேர்த்து அம்மா உருட்டித் தருவாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த உருண்டைக்கு முன்னால் எந்த ஓட்டல் ஐட்டமும் மொக்கை.

எருமை கன்று போட்டால் மட்டும் கணக்கு மாறும். சீம்பாலை விற்க மாட்டார்கள். தெருவில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். யாராவது காசை நீட்டினால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

எனக்கு மட்டும் தினமும் ஒரு டம்ளர் பால் உண்டு. நான் எட்டு மணிக்கு எழுந்து வரும்போது அடுப்பு மேல் தட்டு மூடி வைத்திருக்கும். அதற்குள் கெட்டியாக ஆடை படிந்திருக்கும், கம்பளி மாதிரி. எனக்கு அந்த ஆடை பிடிக்காது. விரலால் எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டு, "இவ்ளோ ஆடையோட எவனாவது குடிப்பானாம்மா?" என்று ஒரு சவுண்டு விட்டுவிட்டுத்தான் குடிப்பேன். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் பாலை வீட்டுக்குள் கறந்து கொண்டுவந்து ஊற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள். தண்ணி கலந்திருப்பார்கள் என்று சந்தேகம். கண் எதிரே கறக்க வேண்டும், கறந்த சூட்டோடு ஊற்ற வேண்டும். அதனால் அம்மா கறந்து முடிக்கிற வரைக்கும் அத்தனை பேரும் கொட்டகை வாசலிலேயே நிற்பார்கள். தினமும், வருஷக்கணக்காக. அந்த நேரத்தில் நான் போர்வைக்குள் இருப்பேன்.

எருமைக்கும் ஒரு கதை உண்டு. அந்த வருஷம் அது போட்ட கன்று கொஞ்ச நாளிலேயே செத்துப்போய்விட்டது. கன்று முட்டிக் குடித்தால்தான் எருமைக்கு மடியில் பால் இறங்கும். கன்று இல்லாத எருமை பாலை அடக்கிக்கொள்ளும். அதற்கெல்லாம் ஊசி இருந்தது. போட்டால் கொஞ்ச நேரத்தில் பால் இறங்கிவிடும், நிறையப் பேர் போட்டார்கள். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "புள்ளைய பறிகுடுத்துட்டு நிக்குது, அத போய் குத்தறதா?" என்று சொல்லிவிட்டு, அவளே எப்படியோ அதைச் சரிக்கட்டிப் பால் கறந்தாள். எப்படி என்று நான் கேட்டதில்லை. எனக்கெதற்கு?

ஒரு நாள் மத்தியானம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, குடல்வால், உடனே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார். அப்பா ஒரு ஆட்டோ பிடித்து அம்மாவை ஏற்றினார். ஆட்டோவில் ஏறுகிறபோதும் அந்த வலியில் அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எருமய பாத்துக்கடா."

"நான் பாத்துக்கறேன், நீ போம்மா" என்று செம கெத்தாகச் சொன்னேன்.

அந்தக் கெத்து சாயங்காலம் வரைக்கும்தான். வாளியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எருமை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அடுத்த நிமிஷம் வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திரும்ப முயற்சி பண்ணினேன். திரும்ப உதை. சொசைட்டிக்கு அன்றைக்குப் பால் போகவில்லை.

விடிகாலையில் போய்ப் பார்த்தால் மடி வீங்கிக் கல் மாதிரி இருந்தது. எருமை காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. எதிர் டீக்கடை அண்ணன் பால் கேனோடு வந்தவர், மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"இன்னொரு வேளை உட்டா மடிநோவு வந்துடும் தம்பி. அப்புறம் காம்பே போயிடும். ஊசி போட்டுடலாமா? ஆள் கீறான், சொல்லி அனுப்பறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கடையில் போன் அடித்தது. அந்தச் சிவப்பு ஒரு ரூபாய் போன். ரோட்டைத் தாண்டி ஓடிப்போய் எடுத்தேன். அப்பாதான், ஆஸ்பத்திரியிலிருந்து.

"டேய், எருமய கறந்தியா இல்லியா? உங்கம்மா ட்ரிப்ஸ கழட்டுன்னு குந்திகினு கீறா. காலைல ஆபரேசன்னு சொல்லிட்டாங்க. எருமய கறந்தாச்சின்னு தெரிஞ்சாதான் கையெழுத்து போடுவாளாம். பஸ்ஸு ஏறி வந்துடுவேன்றா. நர்ஸு என்ன திட்டுது, இவளும் என்ன திட்டறா, ஒரே பேஜாரா கீதுடா."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஊசி கீசி போட்டான்னா நான் இப்பவே எறங்கி வந்துடுவேன்னு சொல்லுங்க!"

"இதோ கறக்கப் போறேன்பா. கொஞ்ச நேரம் கழிச்சி பண்ணு" என்று வைத்துவிட்டேன். கொட்டகைக்கு ஓடிவந்தேன். குடல்வால் வெடித்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் எருமை, நடுவில் ஒன்றுக்கும் உதவாத நான்.

டீக்கடை அண்ணன் என்னைப் பார்த்தார். "சரி, ஊசி வேணாம். புடவ கட்டு."

"இன்னாது?"

"உங்கம்மா கறக்கறப்ப கட்டற புடவ. அதோ மூங்கில்ல தொங்குது பாரு. அத கட்டிகினு போ. எங்க ஊரு சந்தவாசல்ல எங்கப்பாவே கட்டிகினு கறந்துருக்காரு. மீசையோட. இன்னா இப்ப?"

அந்தப் புடவை சாயம் போன நீலம். சாணி, புண்ணாக்கு, அம்மாவின் வியர்வை எல்லாம் கலந்த வாசனை. லுங்கி மேலேயே சுற்றிக்கொண்டேன். சுற்றத் தெரியவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா சொம்போடு வந்துவிட்டார். பட்டு நெய்கிற வீடு, தெரு வீடுகளில் முதல் ஆளாகப் பாலுக்கு வருவது எப்போதும் அவர்தான். என்னைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கிட்டே வந்து முந்தானையை இழுத்து என் தலை மேல் போட்டு, இடுப்பில் இறுக்கிச் செருகிவிட்டார்.

"இப்ப போ. பாக்கறதுக்கு லட்சணமாத்தான் கீற."

அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். முட்டிவலியோடு நடந்து வரும் தாத்தா ஒருவர், இன்னும் தெருவில் பாதிப் பேர். இவர்களோடு என் கிளாஸ்மேட் ஒருத்தன். அவன் வீட்டுக்கும் எங்கள் பால்தான். அவன் வாயை மூடாமல் நின்றான். முடிந்தது, காலேஜ் வாழ்க்கை ஓவர் என்று நினைத்துக்கொண்டு போய்க் குந்தினேன்.

எருமை முகர்ந்து பார்த்தது. உதைக்கவில்லை! மடியைக் கழுவிவிட்டேன், பேசாமல் நின்றது. காம்பைப் பிடித்து இழுத்தேன். ஒரு சொட்டு. அவ்வளவுதான். பாலை அடக்கிக்கொண்டு நின்றது. இழுத்து இழுத்து என் விரல்தான் மரத்தது.

"இன்னாடா ஊமையாட்டம் குந்திகினு கீற? பேசு" என்றார் அக்கா.

"இன்னா பேசறது?"

"உங்கம்மா பேசறத பேசு."

"எங்கம்மா இன்னா பேசும்?"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கொட்டகையே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"அட, நெசமாவே இவனுக்குத் தெரியாதா?" என்றார் தாத்தா.

"எப்படி தெரியும்? தொரை எட்டு மணிக்கு இல்ல எந்திரிக்கறாரு" என்றார் டீக்கடை அண்ணன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "உங்கம்மா உன்ன திட்டிக்கினேதான்டா கறப்பாங்க. தெனமும். கன்னு செத்ததுலேர்ந்து அத கேட்டாத்தான் அதுக்கு பால் எறங்குது. நாங்க எத்தினி வருசமா கேக்கறோம்!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் மடி கல்லாக இருந்தது, வேலூரில் அம்மா ட்ரிப்ஸைக் கழட்டச் சொல்லி உட்கார்ந்திருந்தாள். வெட்கப்படுவதற்கு நேரம் இல்லை.

"சொல்லிக் குடுங்கக்கா" என்றேன்.

"மொதல்ல, 'வந்துட்டேன்டி ராசாத்தி'ன்னு ஆரம்பிக்கணும்."

"வந்துட்டேன்டி ராசாத்தி" என்றேன். எருமையின் காது ஒன்று என் பக்கம் திரும்பியது.

"நல்லா இழுத்து சொல்லு, போலீஸ்காரன் மாதிரி சொல்லாத."

"வந்துட்டேன்டீ ராசாத்தீ..."

"அப்புறம், 'தொரை இன்னும் எந்திரிக்கல.'"

"தொரை இன்னும் எந்திரிக்கல. போத்திகினு கீறாரு..."

"எந்திரிச்சா சட்ட எங்கம்பாரு" என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார்.

"சாக்ஸு எங்கம்பாரு. ரெண்டும் அவர் கட்டில் அடிலதான் கெடக்கும்" என்று இன்னொருவர்.

அவர்கள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். எருமையின் முதுகு லேசாகத் தளர்ந்த மாதிரி இருந்தது. தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அம்மா மாதிரியே ராகம் போட்டார். "பைக்கு வேணுமாம்டி தொரைக்கு. உன் முதுகுல ஏறி காலேஜுக்கு போவச் சொல்லு."

"பைக்கு வேணுமாம்டி தொரைக்கு..." என்று நானும் ராகம் போட்டேன். கைக்குள் ஏதோ மாறியது. காம்பு சூடாக, மெத்தென்று ஆனது.

"டேய், அரியர் மேட்டர உட்டுட்டியே!" என்றான் கிளாஸ்மேட்.

நான் திரும்பிப் பார்த்தேன். அது வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம். ஒரு பேப்பர் போயிருந்தது, நான் சொல்லவே இல்லை.

"அது எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

அக்கா இந்தத் தடவை சிரிக்கவில்லை. மெதுவாக, அம்மா சொல்கிற மாதிரியே சொன்னார். "'ஒரு பேப்பர் புட்டுகிச்சாம்டி. எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல. கேட்டா அவன் மூஞ்சி சுண்டிப்போயிடும். படிச்சிடுவான்டி. புத்திசாலிதான், தூக்கம்தான் ஜாஸ்தி.' இப்படித்தான் சொல்வாங்க."

அந்த வரியை என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. "ஒரு பேப்பர் புட்டுகிச்சாம்டி... எங்கிட்ட சொல்லல..." என்கிற வரைக்கும்தான் வந்தது. எருமைக்கு அதுவே போதுமாக இருந்ததோ என்னவோ. சர்ரென்று ஒரு பீச்சு வாளியின் அடியில் விழுந்தது. அடுத்தது. அடுத்தது. வாளியிலிருந்து நுரை சத்தம் வர ஆரம்பித்ததும் வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். கிளாஸ்மேட் விசிலே அடித்தான், தாத்தா அவன் தலையில் ஒன்று போட்டார்.

"டேய், மெரண்டுடும்!"

நான் நிறுத்தவே இல்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டே கறந்தேன். அவர்கள் சொல்லாததும் கொஞ்சம் வந்தது. பூனைக்கு ஆடையைப் போட்டதும் வந்தது.

ஒவ்வொரு சொம்பாக ஊற்றினேன். டீக்கடை அண்ணன் கேனுக்குக் கொஞ்சம் குறைந்தது. மடியில் கடைசியாக இருந்ததைக் கறந்து அவருக்கு ஊற்றப் போனேன். அக்கா கையை நீட்டி கேன் வாயை மூடினார்.

"அத ஊத்தாத."

"ஏங்க்கா? அண்ணனுக்கு கொறயுதே."

"எனக்கு வேணாம் தம்பி" என்றார் அண்ணன்.

அக்காதான் சொன்னார். கடைசியாகக் கறக்கிற பால்தான் இருக்கிறதிலேயே கெட்டி, வெண்ணெய் எல்லாம் அதில்தான் இறங்கும். அதை அம்மா யாருக்கும் ஊற்ற மாட்டாளாம். திட்டி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி எருமையிடம், "இது அவனுக்கு. கொஞ்சம் நல்லா உடுடி" என்று கேட்டுத்தான் கறப்பாளாம். யாருக்கு எவ்வளவு குறைந்தாலும் அந்தத் தெருவில் ஒருத்தரும் அந்த ஒரு டம்ளரைக் கேட்டதில்லையாம்.

கம்பளி மாதிரி ஆடை எப்படி வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அண்ணன் அந்தப் பாலைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்த் தனியாகக் காய்ச்சினார். நான் புடவையோடு ரோட்டைத் தாண்டிப் போய் அவர் பெஞ்சில் உட்கார்ந்தேன். படவேடு போகிற பஸ் ஒன்று ஸ்லோ பண்ணி, ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்க்க, கடந்து போனது. பாலை ஆற வைத்தார். ஆடை படிந்தது. எடுக்காமல் குடித்தேன்.

குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. இந்தத் தடவை அம்மாவே பேசினாள். குரல் அறுந்து அறுந்து வந்தது.

"கறந்தியா?"

"கறந்துட்டேம்மா."

"ஊசி?"

"போடல. சத்தியமா போடல."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது. அப்புறம் கேட்டாள்.

"கடேசி பால இன்னா பண்ண?"

"குடிச்சிட்டேன்."

"ஆடயோடவா?"

"ஆடயோட."

மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அப்புறம் போனை விலக்கி அப்பாவிடம் சொன்னாள். "அந்த கையெழுத்து பேப்பர குடுக்க சொல்லுங்க. ஜல்தி. எவ்ளோ நேரம் வயித்து வலியோட குந்தி இருக்கறது?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா வீடு திரும்பி உடம்பு தேறுகிற வரைக்கும் காலையும் சாயங்காலமும் நான்தான் புடவை கட்டினேன். தெருவில் எடுத்துக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை, என்னிடமே நிறைய ஸ்டாக் இருந்தது. எருமை மடி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு பேசும்போது, நேரில் யாரிடமும் சொல்ல வராததெல்லாம் சுலபமாக வந்துவிடுகிறது. அம்மா ஏன் அதனிடம் சொன்னாள் என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். காலேஜில் எனக்குப் 'பால்காரம்மா' என்று பேர் விழுந்தது. பின்னால் அரியரையும் கிளியர் பண்ணினேன். அதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. எருமையிடம் சொன்னேன். அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

உடம்பு தேறி அம்மா முதல் நாள் கறக்கப் போன காலையில் நான் போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். "வந்துட்டேன்டி ராசாத்தி" என்று குரல் கேட்டது. "தொரை என் புடவய கட்டிகினு வந்தாராமே? உன்ன இன்னா பாடு படுத்தினானோ!" வாசலில் சிரித்தார்கள். நானும் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. கொட்டகையில் எருமையும் வேறு. லீவுக்கு வந்தால் மட்டும் அலாரம் இல்லாமலேயே சீக்கிரம் முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போக மாட்டேன். என்னைப் பற்றி ஒருத்தி இவ்வளவு நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதைப் படுத்துக்கொண்டே காதால் கேட்பது மாதிரி சுகம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது மணி ஐந்தரை. இதைப் போர்வைக்குள் செல்போனில் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கொட்டகையில் அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.